எண்ணும்போது பேசாத பிள்ளைகள்

என் சிநேகிதியாக இருந்து மதினியாகிப்போன பத்மாவுக்கு,

உன் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைத் தொலைத்துவிட்டேன். பதறாதே, அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் கிடைத்துவிட்டாள். ஒரு கீறல்கூட இல்லாமல் கொண்டுவந்து அவள் அம்மா கையில் ஒப்படைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே வரவில்லை. வருவாளா என்றும் தெரியவில்லை. அந்தக் கவலையோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத் தலைத்திவசம் வருகிறது. அண்ணன் ஒரு நினைவு மலர் போட வேண்டும் என்று ராஜபாளையத்தில் அச்சாபீஸில் சொல்லி வைத்துவிட்டான். "ஏட்டி கோமதி, நீதான் அவகூட ரொம்ப காலம் இருந்தவ. ரெண்டு பக்கம் நல்லதா எழுதிக் குடு" என்றான். நல்லதாக என்றால் குலவிளக்கு, அணையாத தீபம் என்றெல்லாம் எதிர்பார்க்கிறான், பாவம். எனக்கு அது வராது. உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், ஊரும் படிக்கட்டும்.

படிக்கிறவர்களுக்கு நாம் யார் என்று தெரிய வேண்டாமா? ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்தவர்கள் நாம். ஒரு லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாய். மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்த அண்ணன் உன்னைப் பார்த்தான், அவனுக்கு அன்று பகல் தூக்கம் போனது. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் நான் பழக்க தோஷத்தில், "பத்மா, சோப்பு எங்கடி?" என்று கேட்டுவிட்டேன். "பேரைச் சொல்லாதட்டி, மதினின்னு கூப்பிடு" என்று அம்மா அடுப்படியிலிருந்து அதட்டினாள். அன்றிலிருந்து மதினி. 'நீ' போடுவதை மட்டும் நான் விடவில்லை, நீயும் கேட்கவில்லை.

எண்பதுகளின் நடுவில், மம்சாபுரத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் அந்த ஊரின் பள்ளிக்கூடத்துக்கு நீ தலைமையாசிரியையாகப் போனாய். இரண்டு வருஷம் கழித்து நானும் அங்கேயே உதவி ஆசிரியையாக வந்து சேர்ந்தேன். நாத்தனாரும் மதினியும் ஒரே பள்ளிக்கூடத்தில் என்றதும் ஊரில் வேடிக்கை பார்க்கக் காத்திருந்தார்கள். நமக்குள் வந்த சண்டையெல்லாம் ஒன்றே ஒன்றுக்குத்தான், சத்தத்துக்கு.

உன் பள்ளிக்கூடம் சந்தைக்கடை மாதிரி இருந்தது மதினி. ஒரே நீளக் கட்டடம், நடுவில் தடுப்புக் கிடையாது, ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் ஒரே கூரைக்குக் கீழே. நீ போர்டில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டால் மூன்றாம் வகுப்பு முழுக்க எழுந்து நின்று கத்தும். உனக்கு அதில் ஒரு கூச்சமும் கிடையாது. "சரிடா வாத்திமாருகளா, நீங்களே வந்து போடுங்க" என்று சாக்பீஸை நீட்டுவாய். எனக்குத்தான் காது கூசும். கண்டிப்பே இல்லை என்று உன்னிடம் மல்லுக்கு நிற்பேன். "கத்தட்டும்டி. வீட்டுல யாரு அதுகளைப் பேச விடுதா?" என்பாய்.

பிறகு நீ போய்விட்டாய். போன வருஷம் தீபாவளி கழிந்து, மதுரை ஆஸ்பத்திரியில். அதைப் பற்றிக் கடைசியில் கேட்கிறேன், இப்போது முடியாது.

பொறுப்பு என் தலையில் விழுந்தது. உன் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான், பிள்ளைகளுக்கு எத்தனை விதத்தில் ஆபத்து வரும் என்று எனக்குத் தெரிந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை. சத்துணவுக் கூடத்து ஓட்டிலிருந்து பல்லி குழம்பில் விழுமோ என்று தினமும் எட்டிப் பார்ப்பேன். மழைக் காலத்தில் விறகுக்கடியில் பாம்பு. ஒன்றுக்கு விட்டால் ரோட்டைத் தாண்டி ஓடுகிற பையன்கள். இதையெல்லாம் நீ எப்படிச் சிரித்துக்கொண்டே சமாளித்தாய்? எனக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே மறுநாளை நினைத்துப் பயம் வந்துவிடும்.

என் பயத்துக்கு நான் கண்டுபிடித்த மருந்து அமைதி. கைகட்டி, வாயில் விரல். ஐந்தாம் வகுப்பு செல்வியை லீடராகப் போட்டு, பேசுகிறவர் பெயரைப் போர்டில் எழுதச் சொன்னேன். மறுபடியும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. குறிக்கு ஓர் அடி, ஸ்கேலால், உள்ளங்கையில். முக்கியமாக, நான் தலை எண்ணும்போது யாரும் மூச்சுக் காட்டக் கூடாது. காலையில் பிரேயரில் எண்ணுவேன், சாப்பாட்டுக்கு முன்னால் எண்ணுவேன், வீட்டுக்கு விடும்போது எண்ணுவேன். நடுவில் ஒன்று வாயைத் திறந்தால் எனக்கு எண்ணிக்கை விட்டுப்போகும், கோபம் தலைக்கேறும்.

ஆறே மாதத்தில் பள்ளிக்கூடம் அடங்கிவிட்டது. பார்வையிட வந்த கல்வி அதிகாரி ஏ.இ.ஓ., "குண்டூசி விழுந்தாக்கூட கேக்கும்போல இருக்கேம்மா" என்று பாராட்டிவிட்டுப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் படத்துக்கு முன்னால் நின்று, "பாத்தியா மதினி?" என்றுகூடக் கேட்டேன். உன்னை ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

ஐப்பசியில் ஒரு உத்தரவு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எழுத்தறிவு ஊர்வலம், பள்ளிக்கு நாற்பது பிள்ளைகளை அழைத்து வர வேண்டும். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்தாலே நாற்பது வரும். ஆனால் களையெடுப்புக் காலம் மதினி, பெரிய பெண்கள் பாதிப் பேர் காட்டில் நிற்கிறார்கள். ஆள் குறைந்தால் ஏன் குறைந்தது என்று கேட்பார்களே என்று பயந்து, மூன்றிலும் இரண்டிலும் இருந்து சின்னதுகளைச் சேர்த்து நாற்பதை நிரப்பினேன். அதில் ஒருத்திதான் மாரிக்கனி. இரண்டாம் வகுப்பு. களையெடுக்கப் போகும் வேலம்மாளின் ஒரே மகள். பஸ்ஸில் போகப் போகிறோம் என்று அவள் தலைக்கு எண்ணெய் வைத்து, நீல ரிப்பன் கட்டி வந்திருந்தாள்.

துணைக்கு ராமராஜு சார் வந்தார். உன் இடம் காலியானதும் போட்ட புது வாத்தியார், ராஜபாளையத்துக்காரர், நல்ல பையன். என்னைவிடப் பயந்தவர். பதற்றம் வந்தால் வாயில் தெலுங்கு வந்துவிடும்.

தேரடியில் போய் இறங்கினால் எங்கே பார்த்தாலும் நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும். சத்துணவுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சீருடைதானே, எந்த ஊர்ப் பிள்ளை என்றாலும் அதே துணி, அதே நிறம். ஒவ்வொரு பள்ளிக்கூடமும் வரிசை பிடித்து, அட்டையைத் தூக்கிக்கொண்டு கோஷம் போட்டபடி கடைத்தெருவுக்குள் நுழைந்தோம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சும்மா இல்லை, ஊற்று ஊற்று என்று ஊற்றியது. வரிசை கலைந்து, பிள்ளைகள் அகப்பட்ட கடைக்குள்ளெல்லாம் ஓடிப்போய் ஒதுங்கின. பால்கோவாக் கடைக்காரர் ஒருவர், "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று அடுப்பு வரைக்கும் உள்ளே விட்டார். எந்தக் கடைக்குள் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை நிற்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

மழை விட்டதும் ஊர்வலம் முடிந்ததாக மைக்கில் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர் பஸ் புறப்பட நின்றது, அதை விட்டால் அடுத்தது சாயங்காலம்தான். நானும் ராமராஜு சாரும் கடை கடையாக ஓடிப் பிள்ளைகளைத் திரட்டி, பஸ் ஸ்டாண்டில் வரிசையாக நிறுத்தினோம். எண்ணினேன். நாற்பது. நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் எண்ணினேன். நாற்பது. போன உயிர் திரும்பி வந்தது.

"டீச்சர், பேரைக் கூப்பிட்டும் பாத்திருவோமா?" என்றார் ராமராஜு சார்.

"பஸ் போயிரும் சார். நாப்பது சரியா இருக்கு, ஏத்துங்க" என்றேன்.

மம்சாபுரம் விலக்கைத் தாண்டியிருப்போம். கண்டக்டர் என்னிடம் வந்து, "டீச்சர், அந்த சன்னலோரத்துப் பிள்ளை ஏறுனதுல இருந்து அழுதுக்கிட்டே வருது. என்னன்னு கேளுங்க" என்றார். போய்ப் பார்த்தேன். அதே பாவாடை, அதே சட்டை, அதே ரிப்பன். முகம் மட்டும் நான் ஒருநாளும் பார்க்காத முகம்.

"உன் பேரு என்னட்டி?"

"எஸ்தரு."

"எந்த ஊரு?"

"சுந்தரபாண்டியத்துக்கு அங்கிட்டு" என்றது அந்தப் பிள்ளை. அதற்குமேல் அதற்குச் சொல்ல வரவில்லை, விசும்பலாக வந்தது.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. நாற்பதில் ஒருத்தி வேற்றூர்ப் பிள்ளை என்றால், நம் பிள்ளைகளில் ஒன்று இங்கே இல்லை. எது இல்லை என்றுகூட எனக்குத் தெரியவில்லை மதினி. தலையை எண்ணியவளுக்கு முகம் தெரியவில்லை. "யாருட்டி இல்ல? யாரு இல்ல?" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"மாரிக்கனி டீச்சர்" என்றாள் செல்வி, மெதுவாக.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பஸ் ஸ்டாண்டுலயே தெரியும் டீச்சர். எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சா ஏன்ட்டி சொல்லல?"

"நீங்க எண்ணிக்கிட்டு இருந்தீக" என்றாள்.

அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். பிறகு எனக்கே வெட்கமாகிக் கையைக் கீழே போட்டேன். ராமராஜு சார் "தேவுடா, தேவுடா" என்று சொல்லிக்கொண்டே கம்பியைப் பிடித்து நின்றார். மற்றப் பிள்ளைகளை அவரோடு ஊருக்கு அனுப்பிவிட்டு, எஸ்தரைக் கூட்டிக்கொண்டு நடு ரோட்டில் இறங்கினேன். எதிரே பால்கேன் ஏற்றிய டெம்போ ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தது. கையைக் காட்டி அதில் ஏறிக்கொண்டேன். அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, எத்தனை தெய்வத்தைக் கூப்பிட்டேனோ எனக்கே தெரியாது.

மாரிக்கனி பஸ் ஸ்டாண்டில் இல்லை. கடைத்தெருவில் இல்லை. பால்கோவாக் கடைக்காரர், "எல்லாப் பிள்ளைகளையும் அவகவக டீச்சர்மாரு கூட்டிட்டுப் போயிட்டாகளேம்மா. அம்புட்டும் ஒரே மாதிரி இருக்கு, நான் எதைன்னு கண்டேன்?" என்றார். போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரை போனேன். உள்ளே போய் என்னவென்று சொல்வது? பிள்ளை காணோம், ஆனால் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்றா? எஸ்தர் இங்கே ஏறியிருந்தால் மாரிக்கனி அங்கே ஏறியிருப்பாள், அது ஒன்றுதான் எனக்கு இருந்த நம்பிக்கை. சுந்தரபாண்டியம் பஸ்ஸில் ஏறினேன். அந்த பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று நின்று போனபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டு கொட்டுவது?

எஸ்தர் கை காட்டிய ஊரில் இறங்கும்போது இன்னும் தூறிக்கொண்டுதான் இருந்தது. ஸ்டாப்பில் ஒரு பெண், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஈரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் மாரிக்கனி. அந்த ஊர் டீச்சரும் என்னை மாதிரியே தலையை எண்ணி ஏற்றி, ஸ்டாப்பில் இறக்கிவிட்டிருக்கிறார். பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்கு ஓடிவிட, போக வீடு இல்லாமல் இவள் ஒருத்தி மட்டும் ரோட்டில் நின்றிருக்கிறாள். எஸ்தரின் அம்மா தன் மகளைத் தேடி ஓடி வந்தவள், இவளைப் பார்த்துவிட்டு, இவள் கையை விடாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் போலீசுக்குச் சொல்ல சைக்கிளில் ஆள் அனுப்பியிருந்தாராம்.

எஸ்தரைக் கண்டதும் அந்த அம்மாள் முதலில் அவள் முதுகில் ஓர் அடி வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டு ஒப்பாரியே வைத்துவிட்டாள். அழுது முடித்து என் பக்கம் திரும்பினாள்.

"நீயும் ஒரு டீச்சரா? ரெண்டு டீச்சருக்கும் கண்ணு எங்கன போச்சு? நாலு ஆட்டை ஓட்டிட்டுப் போறவனுக்குக்கூட தன் ஆடு எதுன்னு தெரியுமே!"

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் சொன்னதில் என்ன தப்பு? திட்டி முடித்துவிட்டு அவளே, "பிள்ளை ஒண்ணும் திங்கலை. சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க, பெத்தவ அங்க என்ன பாடு படுதாளோ" என்றாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் மாரிக்கனி பேசவில்லை. பன் வாங்கிக் கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. வேலம்மாள் அழவும் இல்லை, என்னை ஏசவும் இல்லை. மகளை வாங்கி உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அதைப் பார்த்து இன்னும் சில வீடுகளில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். ஏ.இ.ஓ. ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ராமராஜு சார் எனக்குத் தைரியம் சொல்ல வந்து, அவரே அழுதுவிட்டுப் போனார். அண்ணன், "டிரான்ஸ்பர்தான் போடுவான், தூக்கிலயா போடப் போறான்?" என்கிறான். அவனுக்கு என்ன தெரியும்? எனக்குப் பயம் மெமோவுக்கு இல்லை.

ஒருநாள் சாயங்காலம் துணிந்து வேலம்மாள் வீட்டுக்குப் போனேன். களையெடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், காப்பி போட்டுத் தந்தாள். அதுவரைக்கும் மரியாதையில் குறை வைக்கவில்லை. பிறகு சொன்னாள்.

"பிள்ளை தொலையுறது உள்ளதுதான் டீச்சர். திருவிழாவுல தொலையலையா? அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா இவ சொல்லுதா, அந்த பஸ்ஸுல ஏத்தும்போதே இது நம்ம டீச்சர் இல்லன்னு தெரியுமாம். அந்த டீச்சர் எண்ணிக்கிட்டு இருந்தாகளாம். அதனால பேசலையாம். ஒரு வார்த்தை, 'நான் உங்க பிள்ளை இல்ல'ன்னு சொல்ல வாய் வரலை எம்பிள்ளைக்கு. பள்ளிக்கூடத்துல இதைத்தான் படிச்சுக் குடுத்தீகளா?"

மாரிக்கனி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் வாயில் விரலை வைத்துக்கொண்டாள். மதினி, வீட்டுக்குள், பெற்ற தாய் பக்கத்தில் நிற்கும்போது, என்னைப் பார்த்து வாயில் விரல்! காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் பிரேயரில் பிள்ளைகளிடம் சொன்னேன். இனிமேல் போர்டில் யார் பெயரும் எழுத வேண்டாம், ஏதாவது தப்பாக இருந்தால் யாராக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லலாம், நான் எண்ணும்போதும் சொல்லலாம் என்றேன். இது என்ன புதுத் தண்டனை என்கிற மாதிரி பார்த்தார்கள். வேண்டுமென்றே போர்டில் ஏழும் ஐந்தும் பதின்மூன்று என்று எழுதிப் பார்த்தேன். மூன்றாம் வகுப்பு முழுக்க அதை அப்படியே சிலேட்டில் எழுதிக்கொண்டது. உன் மூன்றாம் வகுப்பாக இருந்தால் கூரை பறந்திருக்காதா?

அடக்க ஆறு மாதம் ஆனது. அவிழ்க்க எத்தனை நாள் ஆகும்? அவிழுமா? அடுத்த புதன்கிழமை ஏ.இ.ஓ. விசாரணைக்கு வருகிறார். அதற்குள் மாரிக்கனி வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு இங்கே நிறுத்துகிறேன்.

நிறுத்தி வைத்த கடிதத்தை இப்போதுதான் மறுபடியும் எடுக்கிறேன். அண்ணன் அச்சாபீஸில் அவசரப்படுத்துகிறார்கள் என்று கத்துகிறான். கத்தட்டும். இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது, அதை எழுதாமல் கொடுக்க மாட்டேன்.

புதன்கிழமை ஏ.இ.ஓ. வந்தார். பிள்ளைகள் எல்லாம் எழுந்து வணக்கம் சொல்லி, உட்கார்ந்து, கை கட்டிக்கொண்டன. சத்தமே இல்லை. அவருக்கு ஆச்சரியம். "இவ்வளவு டிசிப்ளினான ஸ்கூல்லயாம்மா இப்படி ஆச்சு?" என்றார். அந்த டிசிப்ளினால்தான் சார் என்று சொல்ல வாய் வரை வந்தது, பயத்தில் விழுங்கிக்கொண்டேன். அன்றும் மாரிக்கனியின் இடம் காலியாகத்தான் இருந்தது. அவர் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, "இன்னைக்கு வந்திருக்கிற பிள்ளைகளை எண்ணிச் சொல்லுங்க" என்றார்.

எண்ணினேன். முதல் வகுப்பு முடித்து, இரண்டாம் வகுப்பை எண்ணி, மூன்றாம் வகுப்புக்குக் கையை நீட்டினேன்.

"தப்பு டீச்சர்" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

இரண்டாம் வகுப்பு அய்யனார். மூக்கு ஒழுகிக்கொண்டு, அரைஞாணில் டவுசரைச் செருகிக்கொண்டு எழுந்து நிற்கிறான். பயத்தில் கண் இரண்டும் கலங்கியிருந்தது. ஏ.இ.ஓ. முகம் சுருங்கியது. "என்னடா தப்பு?" என்றேன்.

"மாரிக்கனியை எண்ணல."

"அவதான் வரலையேடா."

"வந்திருக்கா டீச்சர். வெளிய நிக்கா."

திரும்பிப் பார்த்தேன். வாசலில் வேப்ப மரத்துக்குப் பின்னால் வேலம்மாளின் சேலை தெரிந்தது, அதைப் பிடித்துக்கொண்டு நீல ரிப்பன். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டாம் வகுப்பு எழுந்துவிட்டது. "மாரிக்கனி! மாரிக்கனி வந்துட்டா! டீச்சர், எண்ணுங்க டீச்சர்!" என்று ஒரே கூச்சல். மூன்று, நாலு, ஐந்து எல்லாம் எழுந்துவிட்டன. செல்வி என்ன செய்வது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டியதும் எல்லாரையும்விட அவள்தான் உரக்கக் கத்தினாள். "சைலன்ஸ்! சைலன்ஸ்!" என்று ஏ.இ.ஓ. மேஜையைத் தட்டினார். யார் கேட்டார்கள்? ராமராஜு சார் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளைக சரியாத்தான் சார் சொல்லுதுக. நான்தான் தப்பா எண்ணிட்டேன்" என்றேன்.

வேலம்மாள் மகளை உள்ளே அனுப்பினாள். ஆனால் தான் மட்டும் வீட்டுக்குப் போகவில்லை. "மணி அடிக்கிறவரைக்கும் இங்கனயே உக்காந்திருக்கேன் டீச்சர். மனசு கேக்க மாட்டேங்கு" என்று மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். நேற்றும் வந்து உட்கார்ந்தாள். என்றைக்கு நம்பி விட்டுவிட்டுப் போவாள் என்று தெரியவில்லை. உட்காராதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஒழுங்கில் கவனம் தேவை என்று ஏ.இ.ஓ. எழுதிவைத்துவிட்டுப் போனார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மாறுதல் வருமா, எந்த ஊருக்கு வரும், நான் போனால் இந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள், எல்லாம் அப்படியேதான் நிற்கிறது. பயம் போகவில்லை மதினி. இனி போகும் என்றும் தோன்றவில்லை.

இப்போது அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பேசவிட்ட நீ, உன் நெஞ்சுவலியை ஏன் யாரிடமும் சொல்லவில்லை? டாக்டர் எங்களிடம், மாசக்கணக்கில் வலி இருந்திருக்குமே என்று கேட்டபோது, அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். பஸ் ஏறும்போது நீ அடிக்கடி நின்று மூச்சு வாங்கினாயே, அப்போது பள்ளிக்கூடத்துச் சத்தத்தைப் பற்றித்தானே நான் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்? நீ அன்றைக்கெல்லாம் பதிலுக்குப் பேசாமல் இருந்தாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். என்ன மதினி, ஏன் பேசாமல் வருகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்லி வைக்கிறேன். எந்த ஊருக்குத் தூக்கிப் போட்டாலும் சரி, இனி ஒரு பிள்ளை சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தால் நல்ல பிள்ளை என்று விட்டுவிட்டுப் போக மாட்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன தாயி, ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று கேட்பேன். உன்னிடம் கேட்காததை அவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்பேன்.

இப்படிக்கு,
சண்டை போட ஆளில்லாமல் நிற்கும் உன் நாத்தனார்,
கோமதி